விசாரிக்க முடியாத மாப்பிள்ளை

“இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்ற கேள்வியை அண்மைக் காலத்தில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எத்தனையோ வாய்களிலிருந்து கேட்டுவிட்டேன். கடைத்தெரு உணவகத்தில் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டே ஒருவர் கேட்டார். கோயில் மண்டபத்தில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கேட்டார்கள். இணையத்தில் காதல் நாடகமாடியவனிடம் பணத்தை இழந்த ஓர் அக்காவின் மகனே ஷா ஆலாமிலிருந்து வண்டியோட்டி வந்து, காவல் நிலைய வாசலில் நின்று கேட்டார். கேட்ட எவரும் பதிலை எதிர்பார்க்கவில்லை. அது கேள்வியின் உருவத்தில் வருகிற தீர்ப்பு. சொல்லி முடித்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். எனக்கு மட்டும் அது செரிக்கவில்லை. ஏமாற்றியவன் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து அடுத்த பெண்ணுக்குக் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருக்கும்போது, ஊர் கூண்டிலேற்றி விசாரித்தது ஏமாந்தவரின் வயதை. அந்தக் கேள்வியைக் கேட்கும் ஒவ்வொருவரும் தமக்குத் தெரியாமலேயே அடுத்த மோசடிக்கு உதவி செய்கிறார்கள் என்ற எண்ணம் எனக்கு வலுத்துக்கொண்டே வருகிறது. ஏன் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பட்டணத்தில் ஒரு சிறிய நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன். நகலெடுப்பதைவிடப் பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்புவதே அங்கு அதிகம். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), அரசாங்க உதவித்தொகை, பள்ளிச் சேர்ப்பு, மரணச் சான்றிதழ் என எல்லாத் தாள்களும் என் மேசையைத் தாண்டித்தான் போகின்றன. கமுனிங், ஹீவூட், டோவன்பி போன்ற தோட்டங்களிலிருந்து பெயர்ந்து தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியேறிய முதியவர்களுக்கு, கைத்தொலைபேசியில் வரும் அரசாங்கக் கடிதத்தை வாசித்துச் சொல்லும் ஆளும் நானே. இதனால் யாரிடம் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது, யார் எப்போது எடுக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததை வெளியில் பேசாமலிருப்பதுதான் இந்தத் தொழிலின் முதலீடு. அக்காவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 57. தோட்டத்து ஆயாக்கொட்டகையில் ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். கித்தா (ரப்பர்) மரங்கள் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியான பிறகு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்து 55 வயதுவரை ஷிப்டு வேலை செய்தார். கணவர் தவறிப் பல ஆண்டுகளாகின்றன. மகன் ஷா ஆலாமில் இருக்கிறார். மகள் ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறார். லயத்தில் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் யார் சாப்பிட்டார், யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தார் என்பதுவரை பலகைச் சுவர் வழியாகத் தெரியும். தாமானில் கம்பிக் கதவும் மதிலும் இருக்கின்றன. இரவு எட்டு மணிக்குமேல் அந்த வீட்டில் தொலைக்காட்சியின் குரலைத் தவிர வேறு குரல் கிடையாது.

முகநூலில் அவருக்கு நட்பு அழைப்பு விடுத்தவன், தன்னை லண்டனில் வளர்ந்த இந்திய வம்சாவளிப் பொறியாளர் என்றும், மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் என்றும், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு அப்பால் வடகடலில் எண்ணெய் மேடையொன்றில் ஒப்பந்த வேலையில் இருப்பவர் என்றும் அறிமுகப்படுத்திக்கொண்டான். இந்த எண்ணெய் மேடை சும்மா தேர்ந்தெடுக்கப்பட்டதல்ல. நடுக்கடலில் இருப்பவர் நினைத்த நேரத்தில் வரமுடியாது. தொடர்பு சரியில்லை என்று சொல்லி முகம் காட்டாமல் தப்பிக்கலாம். கைநிறையச் சம்பளம் இருந்தும் கரைக்கு வந்தால்தான் பணத்தைத் தொடமுடியும் என்று நம்பவைக்கலாம். சிரியாவிலும் ஏமனிலும் பணியாற்றும் அமெரிக்க இராணுவ மருத்துவர்கள், மாதக்கணக்கில் கப்பலில் இருக்கும் கேப்டன்கள் ஆகியோர் இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருவதும் இதே வசதிக்காகத்தான். வடகடலில் எண்ணெய் மேடைகள் இருப்பது உண்மை. அபர்டீன் அந்தத் தொழிலின் தலைநகர் என்பதும் உண்மை. யாராவது தேடிப் பார்த்தாலும் இடம் சரியாகவே இருக்கும். ஆள்தான் இருக்கமாட்டான்.

முதல் சில மாதங்கள் அவன் ஒரு காசுகூடக் கேட்கவில்லை. பேச்சு முகநூலிலிருந்து புலனத்துக்கு (வாட்ஸ்அப்) மாறியது; காலையில் எழுந்ததும் வணக்கம், மதியம் சாப்பிட்டீர்களா, இரவு முட்டி வலிக்கு மருந்து போட்டீர்களா. அந்தத் தமிழ் இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது, லண்டனில் வளர்ந்தவருக்குத் தமிழ் எப்படி வரும் என்று அவரே அவனுக்காக ஒரு காரணமும் கண்டுபிடித்திருக்கிறார். பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும்: பட்டையை மட்டும் நாளும் மெல்லச் சீவவேண்டும், கத்தி ஆழமாக இறங்கினால் மரம் புண்பட்டுப் பால் நின்றுவிடும். அவனும் அந்தக் கணக்கோடுதான் வெட்டினான்.

பிறகு பரிசுப் பொதி வந்தது. அதாவது வருவதாகச் செய்தி வந்தது. பிறந்தநாளுக்காகக் கைப்பை, தங்கக் கைக்கடிகாரம், வாசனைத் திரவியம் எல்லாம் அனுப்பியிருப்பதாகப் படமெடுத்துக் காட்டினான். பொதி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க ஓர் இணையதள முகவரியையும் கொடுத்தான். அதில் லண்டன், துபாய், கோலாலம்பூர் என்று நாளுக்கு ஒரு நகரம் நகர்ந்தது. அடுத்து ஒரு பெண் தெளிவான மலாயில் அழைத்து, தான் விமான நிலையச் சுங்கத்துறை அதிகாரி என்றும், வரியாக 3,800 ரிங்கிட் கட்டினால் பொதியை விடுவிக்கலாம் என்றும் சொன்னாள். கட்டியாயிற்று. இரண்டு நாள் கழித்து, பொதிக்குள் பவுண்டு நோட்டுக்கட்டுகள் இருப்பது ஸ்கேனரில் தெரிந்துவிட்டது, பணச்சலவைக் குற்றம் இல்லை என்பதற்குச் சான்றிதழ் எடுக்க 9,500 ரிங்கிட் வேண்டும், இல்லையென்றால் பெறுநர் என்ற முறையில் உங்கள்மீதே வழக்கு வரும் என்றாள். முதல் தொகை சேமிப்பிலிருந்து போனது. இரண்டாவது தொகைக்குத் தாலிக்கொடி போக மீதியிருந்த சங்கிலியும் வளையல்களும் பஜாக் (அடகு) கடைக்குப் போயின. மூன்றாவது தொகைக்குத்தான் அவர் என் கடைக்கு வந்தார்.

மேசையின் மேல் மூன்று பெயர்கள்

மதிய நேரம், கடையில் கூட்டமில்லை. இபிஎஃப்பில் மீதமிருக்கும் பணத்திலிருந்து ஒரு பகுதியை எடுக்க விண்ணப்பம் செய்யவேண்டும் என்றார். அது வருவதற்குள் அவசரமாக ஒரு தொகையை மட்டும் இப்போதே ஒரு கணக்குக்கு அனுப்பவேண்டும், எழுத்து சிறியதாக இருப்பதால் கண் தெரியவில்லை, போட்டுக் கொடுங்கள் தம்பி என்று கைத்தொலைபேசியை நீட்டினார். நான் கணக்கு எண்ணை உள்ளிட்டேன். நம் நாட்டு வங்கிச் செயலிகளில் உறுதிசெய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன் பெறுபவரின் பெயர் திரையில் வரும். வந்தது ஒரு தனி ஆளின் பெயர், உள்ளூர்ப் பெயர். யாரக்கா இது என்று கேட்டேன். கஸ்டம்ஸ் ஆபீசர் என்றார்.

போன முறையும் இதே ஆபீசருக்குத்தான் போட்டீர்களா என்று கேட்டபோது, அவர் அடையாள அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து, வங்கி இயந்திரத்தில் பணம் போட்டதற்கான இரண்டு சீட்டுகளை எடுத்தார். நான்காக மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். நான் அவற்றைப் பிரித்து மேசையில் வைத்து, பக்கத்தில் கைத்தொலைபேசியையும் வைத்தேன். மூன்று வெவ்வேறு பெயர்கள், இரண்டு வெவ்வேறு வங்கிகள். எவரும் எந்த அரசாங்கத் துறையும் அல்லர். நான் எதுவும் சொல்லவில்லை. அவர் நெடுநேரம் அந்தச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எனக்கும் ரெண்டாவது தடவயே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு தம்பி” என்றார்.

அப்படியென்றால் யாரிடமாவது விசாரித்துப் பார்த்திருக்கலாமே என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னை இத்தனை நீளமாக எழுதவைக்கிறது. “யாருகிட்டப் போயி விசாரிக்கிறது தம்பி? எனக்கு நானே மாப்பிள்ளை பாத்துக்கிட்டேன்னு சொல்லவா?”

விழிப்புணர்வு இல்லாததால் மக்கள் ஏமாறுகிறார்கள் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அக்காவுக்கு விழிப்பு இருந்தது. சந்தேகம் உரிய நேரத்தில், அதாவது சங்கிலி அடகுக்குப் போவதற்கு முன்பே, வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு போய் ஒருவர் முன்னால் வைப்பதற்கு அவருக்கு இடமில்லை. மகனிடம் சொன்னால் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பான். மகளிடம் சொன்னால் மருமகன் காதுக்குப் போகும். கோயில் சிநேகிதியிடம் சொன்னால் வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். மிச்சமிருந்தது ஒரே ஆள், அந்த எண்ணெய் மேடைப் பொறியாளன். பெயர் ஏன் மாறி மாறி வருகிறது என்று அவர் அவனிடமே கேட்டிருக்கிறார். அவர்கள் சுங்கத்துறையின் முகவர்கள், என் அரசியே, கவலைப்படாதீர்கள் என்று அவன் பதில் எழுதியிருக்கிறான்.

தோட்டப்புறத்தில் மாப்பிள்ளை விசாரிப்பது எப்படி நடந்தது என்பதை நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தாய்மாமன் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையின் தோட்டத்துக்குப் போவார். போவதைச் சொல்லிக்கொண்டு போகமாட்டார். மளிகைக் கடையில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு பையன் கடன் வைத்திருக்கிறானா என்று பேச்சுவாக்கில் கேட்பார். மேற்பார்வை பார்க்கும் தண்டலைப் பார்த்து, பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) ஒழுங்காக வருகிறானா என்பார். தோட்டத்து எழுத்தரான கிராணியைத் தெரிந்திருந்தால் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) எத்தனை நாள் பெயர் விழுகிறது என்பதுவரை வந்துவிடும். கடைசியாகக் கள்ளுக்கடைப் பக்கம் போய், அந்தப் பெயரைச் சொன்னதும் எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பார். அந்த முறையில் கொடுமையும் இருந்தது; சாதியை விசாரித்ததும் அதே மோட்டார்சைக்கிள்தான் என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும், மாப்பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதை மாப்பிள்ளையிடமே கேட்டுச் சரிபார்க்கக்கூடாது என்ற ஒரு பாடம் அதில் இருந்தது. அக்காவே தன் கொழுந்தன் மகளுக்காகப் பகான் செராய்வரை போய் ஒரு பையனை விசாரித்து, வேண்டாம் என்று திரும்பி வந்தவர். பிறருக்குச் செய்யத் தெரிந்ததை, விதவையான ஒரு பெண் 57 வயதில் தனக்காகச் செய்துகொள்வதற்கு நம்மிடம் ஏற்பாடு எதுவுமில்லை.

இத்தகைய மோசடிக்காரர்கள், நம் உறவை இப்போதைக்கு யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்பது வழக்கம். பொறாமைப்படுவார்கள், பிள்ளைகள் தடுப்பார்கள், நேரில் வந்து எல்லாருக்கும் அறிவிக்கலாம் என்று பல காரணங்கள் சொல்வார்கள். அக்காவின் உரையாடல்களை அவர் சம்மதத்தோடு காவல்துறைக்காக அச்செடுத்தபோது அந்த வரியைத் தேடினேன். ஓரிடத்தில் மட்டும், அதுவும் அரைகுறையாக, இருந்தது. வற்புறுத்தும் தேவை அவனுக்கு ஏற்படவில்லை. ரகசியம் காக்கும் ஏற்பாட்டை ஊர் முன்கூட்டியே செய்து வைத்திருந்தது, “இந்த வயசுல இதெல்லாம் தேவையா” என்ற ஒரே வாக்கியத்தால்.

முகத்தை விசாரிப்பதும் பணத்தை விசாரிப்பதும்

படத்தைத் தேடிப் பாருங்கள் என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்லும் அறிவுரை. தவறில்லை. படத்தைக் கொண்டு தேடும் கூகுள் லென்சிலோ டின்ஐயிலோ அந்தப் புகைப்படத்தைப் போட்டால், அதே முகம் வேறொரு நாட்டில் வேறொரு பெயரில் இருப்பது சில சமயம் பளிச்சென்று தெரிந்துவிடும். ஆனால் எதுவும் வரவில்லை என்றால் ஆள் உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. யாரோ ஒருவருடைய தனிப்பட்ட கணக்கிலிருந்து திருடிய படம் தேடலில் சிக்காது. கணினி புதிதாக உருவாக்கிய முகத்துக்கு மூலமே கிடையாது. காணொலியில் வரச்சொல்லிப் பார்த்தால் போதும் என்பதும் பழங்கதையாகிவிட்டது. 2024 அக்டோபரில் ஹாங்காங் காவல்துறை 27 பேரைக் கைதுசெய்தது. காணொலி அழைப்பிலேயே முகத்தை மாற்றிக் காட்டும் டீப்ஃபேக் நுட்பத்தைப் பயன்படுத்திக் காதல் நாடகமாடி, ஏறத்தாழ 4.6 கோடி அமெரிக்க டாலரைச் சுருட்டிய கும்பல் அது.

ஆகவே முகத்தைவிடப் பணத்தின் வழியை விசாரிப்பதுதான் எளிது என்று எனக்குத் தோன்றுகிறது. காதலன் அபர்டீனில் இருக்கிறான், பொதி லண்டனிலிருந்து வருகிறது, வரியை அரசாங்கம் கேட்கிறது. பணம் மட்டும் ஏன் பேராக்கிலோ சிலாங்கூரிலோ இருக்கும் ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்குப் போகவேண்டும்? எந்த அரசாங்கத் துறையும் வரியைத் தனிநபர் கணக்கில் வாங்குவதில்லை. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆங்கிலமும் கணினியும் தேவையில்லை. திரையில் வரும் பெயரை நிதானமாக வாசித்தால் போதும். அரச மலேசியக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போட்டால், அதன்மேல் ஏற்கெனவே புகார்கள் பதிவாகியிருக்கின்றனவா என்று காட்டும். நான் அக்காவின் இரண்டு பழைய எண்களையும் போட்டபோது ஒன்றின்மேல் புகார்கள் இருந்தன, மற்றொன்றின்மேல் எதுவுமில்லை. புகார் இல்லை என்றால் அந்தக் கணக்கு நல்ல கணக்கு என்று பொருளாகாது. இதுவரை ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை என்றும் இருக்கலாம்.

பணம் கேட்காத மோசடியும் உண்டு என்பதை நம் விமான நிலையமே கண்டிருக்கிறது. 2014 டிசம்பரில் ஆஸ்திரேலியப் பாட்டி ஒருவர் ஷாங்காயிலிருந்து மெல்பர்ன் திரும்பும் வழியில் கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் பிடிபட்டார். அவர் கொண்டுவந்த பையின் தையலுக்குள் ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட மெத்தம்பெத்தமின் இருந்தது. இணையத்தில் பழகிய அமெரிக்க இராணுவ வீரரை மணக்கப்போவதாக நம்பி ஷாங்காய் சென்றவரிடம், அங்கே ஒருவர் அந்தப் பையைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். 2017-இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது; 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது; 2019 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம்தான் இறுதியாக விடுவித்தது. ‘இந்த வயசுல’ என்ற கேள்வியை அந்தப் பாட்டியும் தன் ஊரில் எதிர்கொண்டிருப்பார்.

இன்னொரு வகை, பரிசுப் பொதியைவிட நயமானது. காதலன் எதுவும் கேட்கமாட்டான். தான் முதலீடு செய்து ஈட்டும் லாபத்தைக் காட்டி, நம் எதிர்காலத்துக்காக நீங்களும் கொஞ்சம் போடுங்கள் என்று ஒரு செயலியை இறக்கச் சொல்வான். முதலில் போட்ட சிறு தொகை லாபத்தோடு திரும்பி வந்துவிடும், அதனால் நம்பிக்கை வரும். பெரிய தொகை போனபிறகு திரையில் எண்கள் ஏறிக்கொண்டே இருக்கும், எடுக்கத்தான் முடியாது; எடுப்பதற்கு வரி கட்டு, கட்டணம் கட்டு என்பார்கள். 2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்ட உறுப்பினர்களுக்கு இபிஎஃப்பில் மூன்றாவது கணக்கு வந்திருக்கிறது. அதிலிருக்கும் பணத்தைக் கைத்தொலைபேசியிலேயே எந்நேரமும் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு நல்ல வசதிதான், என் மேசைக்கு வராமலேயே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வராமலேயே என்பதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. பாரம் நிரப்பும் நேரத்தில் எதற்கக்கா இவ்வளவு என்று கேட்க ஓர் ஆளாவது முன்பு இருந்தார்.

படிக்காத தோட்டத்து ஜனங்கள்தான் இப்படி ஏமாறுவார்கள் என்று பேசுபவர்களுக்காக ஒரு கணக்கு. அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையத்திடம் 2022-ஆம் ஆண்டு மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் காதல் மோசடி பற்றிப் புகார் கொடுத்தார்கள்; இழந்ததாகச் சொன்ன தொகை 130 கோடி டாலர். அவர்களில் யாரும் ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தவர்கள் அல்லர். என் கடையிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காவல்துறைப் புகாரை நகலெடுக்க வந்து, நான் வாசித்துவிடக்கூடாது என்பதற்காகத் தாளைத் தலைகீழாகவே இயந்திரத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மறுமுனையில் தட்டச்சு செய்பவர்களும் எல்லாரும் தாமாக விரும்பி வந்தவர்கள் என்று சொல்லமுடியாது. மியான்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் மோசடி வேலைகளில் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருக்கலாம் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023-இல் மதிப்பிட்டது. வாடிக்கையாளர் சேவை வேலை, நல்ல சம்பளம், தங்குமிடம் இலவசம் என்ற விளம்பரத்தை நம்பிப் போய் அடைபட்ட மலேசிய இளைஞர்களும் அங்கிருந்து மீட்கப்பட்டிருக்கிறார்கள். இதைச் சொல்வது அக்காவுக்கு வந்த செய்திகளை மன்னிப்பதற்காக அல்ல. அவற்றை எழுதிய விரல்கள் எங்கிருந்தவை என்பது எவருக்கும் தெரியாது.

ஆனால் பணத்தை வாங்கிய கணக்குகள் எங்கிருந்தவை என்பது தெரியும். நம் ஊர்களில் இருப்பவை. வேலையில்லாத பையன்களிடம் சில நூறு ரிங்கிட்டைக் கொடுத்து ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் வாங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். சும்மா கிடந்த கணக்குதானே, நான் என்ன திருடினேனா என்று அந்தப் பையன்கள் கேட்கிறார்கள். 2024-இல் தண்டனைச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, முறையான காரணமின்றித் தன் கணக்கையோ அட்டையையோ பிறர் கையில் கொடுப்பதே குற்றம். அக்காவின் சங்கிலி போன வழியில் இப்படி ஒரு பையன் நின்றிருப்பான், ஒருவேளை அவனைச் சின்ன வயதில் ஆயாக்கொட்டகையில் தூளியாட்டித் தூங்கவைத்தவரும் இவரைப் போன்ற ஓர் ஆயாவாகவே இருந்திருப்பார். பெற்றவர்கள் பையனின் நண்பர்களை விசாரிக்கிறார்களே தவிர, அவன் வங்கி அட்டை எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை.

அன்றைக்கு நடந்தது

அந்த மூன்றாவது தொகை போகவில்லை. அக்காவின் கைத்தொலைபேசியிலிருந்தே 997-ஐ அழைத்தோம். 2022 அக்டோபரில் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. வங்கிகள், காவல்துறை, மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஆகியவை சேர்ந்து, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பதற்காக ஏற்படுத்தியது. அனுப்பிய சில மணி நேரத்துக்குள் அழைத்தால் பயன் அதிகம். அக்காவின் பழைய இரண்டு தொகைகளும் போய் நாட்களாகிவிட்டதால் திரும்ப வருமென்று எவரும் உறுதி சொல்லவில்லை, இதுவரை வரவுமில்லை. சீட்டுகள், உரையாடல்கள், தொலைபேசி எண்கள் எதையும் அழிக்காமல் அச்செடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனோம். ஆத்திரத்தில் முதலில் உரையாடலை அழித்துவிடுகிறவர்கள் பலர். வழக்குக்கு இருக்கும் முக்கியமான சாட்சி அதுதான். புகாரை எழுதிக்கொண்ட இளம் அதிகாரி முகத்தில் எந்தச் சிரிப்பும் இல்லாமல் கேட்டுப் பதிந்தார் என்பதைச் சொல்லியாகவேண்டும். சிரிப்பு வெளியில், ஊரில்தான் இருந்தது.

மகன் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். அக்கா தலையைக் குனிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மகனைப் பார்த்து, “தேவைதான்டா. ஆளுதான் பொய்யி” என்றார். மகனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வண்டியில் ஏறும்போது, அம்மா சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு வாரத்தில் சில நாட்களாவது அழைத்துப் பேசுகிறார் என்று கேள்வி.

இப்படி ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியல் மோசடிக்காரர்களுக்குள் கைமாறுகிறது. ஒருமுறை பணம் கொடுத்தவர் இன்னொரு முறையும் கொடுக்கக்கூடியவர் என்பது அவர்கள் கணக்கு. சில வாரங்கள் கழித்து அக்காவுக்கு ஓர் அழைப்பு வந்தது. தான் வழக்கறிஞர் என்றும், இழந்த பணத்தை மீட்டுத் தரும் குழுவில் இருப்பதாகவும், முன்பணமாக 1,200 ரிங்கிட் கட்டினால் வேலை தொடங்கும் என்றும் அந்த ஆள் தமிழிலேயே பேசினான். அக்கா, பிறகு கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். வரும்போது பக்கத்து வீட்டுச் சீனிவாசகம் அக்காவையும், கோயில் சிநேகிதி ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். (பெயர் நான் வைத்ததுதான்.) அழைப்பு மறுபடி வந்தபோது ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்கள். இத்தகைய ஆட்களிடம் பேச்சுக் கொடுக்காமல் துண்டித்துவிடுவதே சரி என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கிற நிலையில் அவர்கள் இல்லை.

தம்பிக்கு எந்த ஊர் என்று சீனிவாசகம் அக்கா ஆரம்பித்தார். ஈப்போ என்றான். ஈப்போவில் எங்கே, புந்தோங்கா, எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, எந்தத் தமிழ்ப்பள்ளியில் படித்தீர்கள், வழக்கறிஞர் அலுவலகம் எந்தக் கட்டடத்தில், கீழே என்ன கடை என்று மூவரும் மாறி மாறிக் கேட்டார்கள். பள்ளியின் பெயரைச் சொல்வதில் அவன் தடுமாறினான். கட்டடத்தின் கீழே இருக்கும் கடையைச் சொல்லமுடியவில்லை. அலுவலகத்துக்கு நாளைக்கே நேரில் வந்து கட்டுகிறோம் என்றதும் குரல் கடுமையாகி, நேரில் எல்லாம் முடியாது, இன்றைக்குள் கட்டாவிட்டால் கோப்பை மூடிவிடுவோம் என்று ஒரு கணக்கு எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அந்த எண்ணை நான் செமாக் மியூலில் போட்டுப் பார்த்தேன். புகார் எதுவும் இல்லை என்று வந்தது. மறுநாள் காலை மூன்று பேரும் காவல் நிலையத்துக்குப் போய் அந்த எண்ணின்மேல் முதல் புகாரைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.